மணல்தத்திக்குக் கடல் இருக்கும் திசை எப்படித் தெரிகிறது?

அலை ஒதுக்கிய கடற்பாசிக் குவியலைக் காலால் புரட்டினால், பல கடற்கரைகளில் சின்னஞ்சிறு உயிர்கள் கூட்டமாகத் துள்ளிச் சிதறும். பார்த்ததும் பூச்சி என்றே தோன்றும். உண்மையில் இவை இறாலுக்கும் நண்டுக்கும் உறவான ஓட்டுடலிகள். ஆம்பிபாட் என்ற வரிசையில் டாலிட்ரிட் குடும்பத்தைச் சேர்ந்தவை. வால்பகுதியை வயிற்றுக்கடியில் மடக்கி, சட்டென்று நிமிர்த்தித் தரையை உதைத்துத் துள்ளுவதால் மணல்தத்தி என்று அழைக்கலாம்.

ஆம்பிபாட்களில் சுமார் 10,000 இனங்கள் அறியப்பட்டுள்ளன. ஆழ்கடல், ஆறு, குகைநீர் என்று அவை இல்லாத நீர்நிலை அரிது. அத்தனையிலும் தண்ணீரைவிட்டு வெளியேறித் தரையில் நிலைத்து வாழக் கற்றவை டாலிட்ரிட்கள்தான். வியப்பு என்னவென்றால், அதற்காக அவற்றின் உடல் பெரிதாக மாறிவிடவில்லை. பூச்சிகளின் தோல்மேல் நீரைக் காக்கும் மெழுகுப்பூச்சு உண்டு. இவற்றுக்கு அப்படி எதுவும் இல்லை. மூச்சுவிடுவது இன்னமும் கால்களின் அடியில் தொங்கும் செவுள்களால்தான். செவுள் காய்ந்தால் உயிர் போயிற்று. ஆகவே ஈரத்தைத் தேடிக் கண்டுபிடிப்பதும், அதைவிட்டு விலகாமல் இருப்பதுமே இவற்றின் வாழ்க்கை.

இதில் அதிகம் ஆராயப்பட்டது, ஐரோப்பாவின் அட்லாண்டிக், மத்தியதரைக்கடல் கரைகளில் வாழும் டாலிட்ரஸ் சால்டேடர். பகலில் ஈரமணலைத் தோண்டிப் புதைந்து கிடக்கும். இரவில் வெளிவந்து, ஒதுங்கிக் கிடக்கும் பாசியைத் தின்னும். விடிவதற்குள் மறுபடி ஈரமணலுக்குத் திரும்பியாக வேண்டும். மேலே ஏறினால் கொளுத்தும் உலர்மணல், கீழே இறங்கினால் அடித்துச் செல்லும் அலை. இரண்டுக்கும் நடுவில் ஒரு குறுகிய ஈரப்பட்டை. ஒரு சென்டிமீட்டரைச் சற்றே தாண்டிய உயிர் அதை எப்படித் தவறாமல் கண்டுபிடிக்கிறது?

1950-களின் தொடக்கத்தில் லியோ பார்தி, ஃப்ளோரியானோ பாப்பி என்ற இரண்டு இத்தாலிய விலங்கியலாளர்கள் இதற்கு விடை கண்டார்கள். இத்தாலியின் மேற்குக் கரையில் கடல் மேற்கே இருக்கிறது. அங்கே பிடித்த மணல்தத்திகளை உலர்ந்த இடத்தில் விட்டால் மேற்கு நோக்கி ஓடின. அவற்றையே கிழக்குக் கரைக்கு, அதாவது ஏட்ரியாட்டிக் கடலோரத்துக்குக் கொண்டுபோய் விட்டபோதும் மேற்கு நோக்கித்தான் ஓடின. அங்கே மேற்கில் இருப்பது உள்நாட்டு நிலம்! கடலின் வாசனையோ ஓசையோ அவற்றை நடத்தவில்லை. வானத்துச் சூரியனை வைத்துத் திசை பிடித்திருந்தன.

சூரியனை நம்புவதில் ஒரு சிக்கல் உண்டு. அது ஓரிடத்தில் நிற்பதில்லை. காலையில் முதுகுக்குப் பின்னால் இருந்த சூரியன் மாலையில் முகத்துக்கு எதிரே வந்துவிடும். அப்படியும் திசை மாறாமல் ஓட வேண்டுமானால், இப்போது நேரம் என்ன என்பது தெரிந்திருக்க வேண்டும். மணல்தத்தியின் உடலில் அதற்கான கடிகாரம் இருக்கிறது. ஆய்வகத்தில் செயற்கை ஒளியால் பகல்–இரவை 6 மணி நேரம் தள்ளிவைத்துப் பழக்கினால், அது ஓடும் திசையும் ஏறத்தாழ ஒரு செங்கோண அளவு விலகிப்போகிறது.

இரவில் நிலவு அந்த இடத்தை எடுத்துக்கொள்கிறது. ஆனால் நிலவு நாளுக்குச் சுமார் 50 நிமிடம் தாமதமாக உதிக்கும். சூரியனுக்கான கணக்கு அதற்குப் பொருந்தாது. 2016-இல் வெளியான ஓர் ஆய்வில், உணர்கொம்புகளை நீக்கிய மணல்தத்திகள் சூரியனைக் கொண்டு சரியாகவே திசை கண்டன. நிலவைக் கொண்டு காண்பதில்தான் தடுமாறின. இரண்டு வானவிளக்குகளுக்கும் தனித்தனி ஏற்பாடு! இவ்வளவு சிறிய உடலுக்குள் இது அடங்கியிருப்பதை எத்தனை முறை படித்தாலும் எனக்கு மலைப்பு அடங்குவதில்லை.

கடலையே பார்க்காமல் ஆய்வகத்தில் பிறந்த குஞ்சுகளும், முதன்முதலாகச் சூரியனைக் காட்டியதும் பெற்றோரின் கரைக்கு உரிய திசையிலேயே நகர்ந்தன. வெவ்வேறு திசை பார்த்த கரைகளின் பெற்றோரைக் கலந்தபோது, பிள்ளைகள் இடைப்பட்ட திசையைப் பிடித்தன. திசை பரம்பரையாக வருகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

இது சாத்தியமாவதற்குக் காரணம் இவற்றின் இனப்பெருக்க முறை. நண்டின் குஞ்சுகள் நுண்ணிய இளவுயிரிகளாகக் கடலில் மிதந்து எங்கெங்கோ போய்ச் சேரும். மணல்தத்திக்கு அந்தப் பருவமே கிடையாது. தாயின் மார்புக்கடியில், கால்களின் அடியிலிருந்து வளரும் தகடுகள் சேர்ந்து ஒரு பை அமைகிறது. முட்டைகள் அதற்குள்ளேயே பொரிந்து, தாயின் சிறுவடிவமாகக் குஞ்சுகள் வெளிவருகின்றன. பிறந்த கரையிலேயே வளர்கின்றன. தலைமுறை தலைமுறையாக ஒரே கரை என்பதால் அந்தக் கரையின் திசை மரபில் பதிய வாய்ப்புக் கிடைக்கிறது. ஆர்க்கெஸ்டியா என்ற உறவினத்தில், வெளியே உப்பு கூடினாலும் குறைந்தாலும் பைக்குள் இருக்கும் நீரின் செறிவைத் தாயே சீராக்கி வைப்பதும் தெரியவந்துள்ளது.

தின்று நொறுக்கிப் பாசியை மண்ணோடு சேர்ப்பதும், கரையோரப் பறவைகளுக்கு இரையாவதும் இவற்றின் பங்கு. சுற்றுலாவுக்காக இயந்திரம் வைத்துப் பாசியை வாரும் கரைகளில் இவை குறைந்துபோகின்றன. கரை ‘சுத்தமாக’ இருப்பதற்குக் கொடுக்கும் அந்த விலை மிக அதிகம்.

இந்தக் குடும்பத்தில் சில இனங்கள் கரையையும் தாண்டிக் காட்டுக்குள் போய்விட்டன. நியூசிலாந்து, ஆஸ்திரேலியா, தென்னாப்பிரிக்கா, ஜப்பான், இந்திய–பசிபிக் பெருங்கடல் தீவுகள் ஆகியவற்றின் ஈரக்காடுகளில் இலைச்சருகுக்கு அடியில் அவை வாழ்கின்றன. அங்கே நீந்தத் தேவையில்லாததால் பலவற்றின் நீந்துகால்கள் சிறுத்துவிட்டன. ஹவாயின் காவாய் தீவில் ஓர் இனம் எரிமலைக் குழம்புக் குகைகளின் நிரந்தர ஈரத்துக்குள் குடியேறி, கண்களையே இழந்துவிட்டது. 2000-இல் அமெரிக்க அரசு அதை அழியும் நிலையிலுள்ள உயிராக அறிவித்தது.

ஐரோப்பியப் பெருநிலத்துக்குக் காட்டினங்கள் சொந்தமில்லை. இருந்தும் இன்று அங்கும் இருக்கின்றன. தொட்டிச் செடிகளின் மண்ணோடு கப்பலேறிப் போனவை. ஆஸ்திரேலிய இனமான ஆர்சிடாலிட்ரஸ் டோரியெனி, அறிவியலுக்கு முதலில் அறிமுகமானதே இங்கிலாந்தின் சில்லித் தீவுகளில், 1925-இல். 1934-இல் இலங்கையிலிருந்து விவரிக்கப்பட்ட டாலிட்ராய்டஸ் டோபிடோட்டம் இப்போது பல நாட்டுத் தோட்டங்களிலும் கண்ணாடிக் கூடங்களிலும் காணப்படுகிறது.

கலிஃபோர்னியா போன்ற இடங்களில் பெருமழைக்குப் பிறகு இவை கூட்டமாக வீட்டுக்குள் வந்து, சிவந்து செத்துக் கிடக்கும். மண் நீரில் மூழ்கியதால் மேலே வந்தவை, உலர்ந்த தரையில் அகப்பட்டுச் செவுள் காய்ந்து இறந்தவை. இவை கடிப்பதில்லை, பச்சைச் செடியைத் தின்பதில்லை, வீட்டுக்குள் பெருகவும் முடியாது. துடைப்பத்தால் கூட்டித் தோட்டத்தில் போட்டாலே போதும்; பூச்சிமருந்து தேவையே இல்லை.