நிற்கும் காரிலிருந்து வீட்டுக்கு மின்சாரம்

நெடுஞ்சாலையில் முன்னால் போகும் லாரியை ஒரு மின்சாரக் கார் முந்துகின்ற சில நொடிகளில், அதன் பேட்டரி மோட்டாருக்கு 100 கிலோவாட் அளவுக்கு மின்திறனை வழங்குகிறது. ஏ.சி., குளிர்சாதனப் பெட்டி, துணி துவைக்கும் இயந்திரம், வெந்நீர்க் கருவி எல்லாம் ஒருசேர ஓடும் வீட்டுக்குக்கூட ஐந்தாறு கிலோவாட் போதும். எனவே ஒரு வீட்டைத் தாங்குவது அந்த பேட்டரிக்குப் பெரிய சுமையே அல்ல. மின்சாரம் இரு திசைகளிலும் ஓடுவதும் காருக்குப் புதிதல்ல. வேகத்தைக் குறைக்கும்போதெல்லாம் மோட்டாரே மின்னாக்கியாக மாறி, ஆற்றலைத் திரும்ப பேட்டரிக்குள் அனுப்புகிறது. ஒவ்வொரு சிக்னலிலும் இது நடக்கிறது. பெரும்பாலான கார்களில் ஒருவழிப் பாதையாக இருப்பது ஒரே இடம்தான். அது சார்ஜர்.

வீட்டுக்கு வருவது மாறுதிசை மின்னோட்டம்; நாட்டைப் பொறுத்து அது நொடிக்கு 50 அல்லது 60 முறை அலைபோல ஏறி இறங்குகிறது. பேட்டரிக்குள் இருப்பதோ நேர்திசை மின்னோட்டம். நிசான் லீஃப் காரை எடுத்துக்கொண்டால், சுமார் 3.7 வோல்ட் கொண்ட மின்கலங்கள் 96 படிகளாகத் தொடர் இணைப்பில் அடுக்கப்பட்டு, மொத்தத்தில் ஏறத்தாழ 350 வோல்ட் கிடைக்கிறது. வெளியிலிருந்து வரும் அலையை நேராக்கி, பேட்டரிக்கு ஏற்ற மின்னழுத்தத்தில் உள்ளே செலுத்துவதே சார்ஜரின் வேலை. நேராக்கும் பணியை எளிய சார்ஜர்களில் டயோடுகள் செய்கின்றன. கிணற்றுக் குழாயின் அடியில் இருக்கும் ஃபுட் வால்வு நீரை மேலே மட்டும் விட்டு, கீழே இறங்கவிடாமல் தடுப்பதைப் போல, டயோடு மின்னோட்டத்தை ஒரே பக்கமாகத்தான் அனுமதிக்கும். அதற்கு யாரும் ஆணையிட முடியாது. அந்த இடங்களில் டிரான்சிஸ்டர்களை வைத்தால் நிலைமை மாறிவிடுகிறது. அவற்றை வேண்டும்போது திறக்கலாம், வேண்டும்போது மூடலாம். நான்கு டிரான்சிஸ்டர்கள் கொண்ட அதே பாலச்சுற்று, திறந்து மூடும் வரிசை மாறினால், உள்ளே வரும் மின்சாரத்தை நேராக்கவும் செய்யும், வெளியே போகும் மின்சாரத்தை அலையாக்கவும் செய்யும். மென்பொருளைப் புதுப்பித்தால் எந்தக் காரும் வீட்டுக்கு மின்சாரம் தந்துவிடும் என்று சிலர் நம்புகிறார்கள். வழியில் டயோடு உட்கார்ந்திருக்கும் காரில் எந்த மென்பொருளும் அதைச் செய்ய முடியாது.

அலையாக்குவது எப்படி என்பது பார்க்கத் தகுந்த நுட்பம். பேட்டரியிலிருந்து வரும் அழுத்தம் சமமட்டமாக இருக்கிறது. அதை வளைக்க முடியாது, ஆனால் நறுக்க முடியும். டிரான்சிஸ்டர்கள் நொடிக்குப் பல்லாயிரம் முறை திறந்து மூடி, அந்தச் சமமட்டத்தைச் சிறு துண்டுகளாக வெட்டுகின்றன. அலையின் உச்சி வர வேண்டிய நேரத்தில் துண்டுகள் அகலமாகவும், அலை பூஜ்ஜியத்தை நெருங்கும் நேரத்தில் ஊசிபோல மெலிந்தும் இருக்கும். அடுத்து வரும் மின்தூண்டிச் சுருள், திடீர் மாற்றங்களுக்கு இடம்கொடாத தன் இயல்பால் இந்தத் துண்டுகளின் விளிம்புகளை மழித்துவிடுகிறது. மறுமுனையில் கிடைப்பது மின்விசிறியும் தொலைக்காட்சியும் வேறுபாடு காண முடியாத வழவழப்பான அலை.

இந்த மாற்றி காருக்குள்ளேயே இருக்கலாம், வீட்டுச் சுவரிலும் இருக்கலாம். ஹூண்டாய் அயோனிக் 5 காரில் அது உள்ளே இருக்கிறது, 3.6 கிலோவாட் வரை மின்சாரத்தை ஒரு சாதாரண சாக்கெட் வழியாக எடுத்து, வேண்டிய கருவியை நேரடியாக ஓட்டலாம். ஜப்பான் சுவரைத் தேர்ந்தெடுத்தது. 2011 மார்ச்சில் நிலநடுக்கமும் ஆழிப்பேரலையும் அந்நாட்டின் மின்வழங்கலைச் சிதைத்த பிறகு, வாசலில் நிற்கும் காரின் பேட்டரியை வீட்டுக்குப் பயன்படுத்துவது அவசரத் தேவையாகிவிட்டது. 2012-இல் நிசான் அறிமுகப்படுத்திய ஏற்பாட்டில், காரின் விரைவு சார்ஜிங் துளை வழியாக நேர்திசை மின்னோட்டமே வெளியே வந்து, வெளியில் பொருத்திய பெட்டியில் அலையாக மாறி, 6 கிலோவாட் வரை வீட்டுக்குள் பாய்ந்தது. அன்றைய லீஃபின் 24 யூனிட் பேட்டரி, ஒரு சராசரி ஜப்பானிய வீட்டுக்கு ஏறக்குறைய இரண்டு நாளுக்குப் போதும் என்று கணக்கிட்டார்கள்.

மின்தடையின்போது வீட்டுக்கு மின்சாரம் தருவதில் ஓர் ஆபத்து ஒளிந்திருக்கிறது. வீட்டு வயரிங் தெருக்கம்பியோடு இணைந்தபடியே இருக்கும்போது கார் அதற்குள் மின்சாரத்தைச் செலுத்தினால், அது வீட்டு எல்லையில் நிற்காது. தெரு முனையில் இருக்கும் டிரான்ஸ்பார்மரை எதிர்ப்பக்கமாகச் சென்றடையும். பல ஆயிரம் வோல்டை வீட்டு அளவுக்குக் குறைத்துக் கொடுக்கும் அந்த டிரான்ஸ்பார்மர், பின்பக்கமிருந்து வரும் மின்சாரத்தை அதே விகிதத்தில் உயர்த்திவிடும். மின்சாரம் நிறுத்தப்பட்டுவிட்டது என்று நம்பிக் கம்பத்தில் ஏறியிருக்கும் பணியாளரின் கையில் பல ஆயிரம் வோல்ட் கம்பி இருக்கும். ஆகவே, கார் வீட்டைத் தாங்கத் தொடங்குவதற்கு முன்பே ஒரு மாற்றுச் சுவிட்ச் தெருக்கம்பியிலிருந்து வீட்டை முழுமையாகத் துண்டித்தாக வேண்டும். மின்கட்டமைப்போடு இணைந்து ஓடும் கருவிகளுக்கோ, மின்தடை ஏற்பட்டதும் ஓரிரு நொடிகளில் தாமே நின்றுவிட வேண்டும் என்பது விதி. கூரையில் சூரியப் பலகை வைத்திருப்பவர்களுக்கு, நல்ல வெயிலிலும் மின்தடை வந்தால் வீடு இருண்டுபோவது ஏன் என்ற கேள்வி எழுவதுண்டு. விடை இந்த விதிதான்.

மின்கட்டமைப்புக்கே காரிலிருந்து மின்சாரம் தருவது இன்னொரு படி மேலானது. அங்கே கார் தன் விருப்பத்துக்கு அலையை உருவாக்க முடியாது. ஏற்கனவே ஓடிக்கொண்டிருக்கும் பேரலையோடு கணமும் பிசகாமல் பொருந்த வேண்டும். ஆடும் ஊஞ்சலைத் தள்ளுபவர் அதன் தாளத்துக்கேற்பக் கைகொடுத்தால்தான் ஆட்டம் கூடும், மாறிக் கொடுத்தால் கைதான் வலிக்கும். மாற்றி முதலில் கட்டமைப்பின் அலையை அளந்து அதே தாளத்தைப் பிடித்துக்கொள்கிறது. பிறகு தன் அலையை அதைவிட மிகச் சிறிதளவு முந்தச் செய்கிறது. அந்தச் சிறு முந்தலே ஆற்றலை வெளியே தள்ளுகிறது. பிந்தச் செய்தால் ஆற்றல் உள்ளே வரும்.

தாளத்தை அளப்பதால் இன்னொரு செய்தியும் காருக்குக் கிடைக்கிறது. மின்நிலையங்களில் சுழலும் மாபெரும் மின்னாக்கிகள், தேவை திடீரென்று கூடும்போது மேட்டில் ஏறும் மிதிவண்டியைப் போலச் சற்றே தளர்கின்றன. 50 ஹெர்ட்ஸாக இருந்த அதிர்வெண் 49.9 ஆகிறது. எந்த ஊரில், எந்த சாக்கெட்டில் அளந்தாலும் அதே தளர்ச்சி தெரியும். யாருடைய ஆணையும் வராமலே, கார் அதைக் கண்டு நொடிக்குள் சார்ஜ் ஏறுவதை நிறுத்தலாம், அல்லது மின்சாரத்தை வெளியே தரத் தொடங்கலாம். கொதிகலனைச் சூடாக்கி நீராவியைப் பெருக்க வேண்டிய அனல்மின் நிலையம் இந்த வேகத்தோடு போட்டியிட முடியாது.

காரின் பெருமை அதன் கொள்ளளவில் இல்லை, இந்தத் தயார்நிலையில்தான் இருக்கிறது என்பது என் கருத்து. அமெரிக்காவின் டெலவேர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வில்லெட் கெம்ப்டனும் அவருடைய சக ஆய்வாளர் ஸ்டீவன் லெட்டென்ட்ரேயும் 1997-இல் கார்களிலிருந்து மின்கட்டமைப்புக்கு மின்சாரம் தரும் யோசனையை முன்வைத்தபோது பலரும் பார்த்தது ஓடும் பேட்டரிகளின் பெரும் சேமிப்பை. ஆனால் கெம்ப்டன் 2005-இல் யாஸ்னா டோமிச்சுடன் எழுதிய ஆய்வு, நாள் முழுவதும் மின்சாரம் வழங்குவதற்கு கார்கள் ஏற்றவை அல்ல, அதிர்வெண்ணைச் சீராக்குவதற்கும் அவசர இருப்பாக நிற்பதற்குமே ஏற்றவை என்று வாதிட்டது. எண்களும் அதையே சொல்கின்றன. தலா 7 கிலோவாட் தரக்கூடிய 10 லட்சம் கார்கள் ஒரே நேரத்தில் இணைந்தால் 7,000 மெகாவாட். ஏழு பெரிய அணு உலைகளுக்கு நிகரான திறன். ஆனால் ஒவ்வொரு காரும் தன் 60 யூனிட்டில் பாதியைத்தான் தர முன்வரும் என்று கொண்டால், நான்கு மணி நேரத்துக்குச் சற்று மேல் எல்லாம் தீர்ந்துவிடும். மாலை நேர உச்சத்தைத் தாண்ட அது போதும். மூன்று நாள் காற்றே வீசாமல் காற்றாலைகள் நிற்கும் காலத்தைத் தாண்ட அது போதாது.

போகவர இழப்பும் உண்டு. உள்ளே ஏறும்போதும் வெளியே வரும்போதும் மாற்றியில் சிறிது வெப்பமாகிறது. பேட்டரியிலும் சிறிது போகிறது. பெரிய சுமையில் இது பொறுக்கத்தக்க அளவுதான். சிறிய சுமையில்தான் கணக்கு உதைக்கிறது. மின்சாரம் தரும் நேரம் முழுவதும் காரின் கணினிகளும் மாற்றியும் விழித்திருக்க வேண்டும். அதற்கு 200 வாட் செலவாகிறது என்று வைத்துக்கொள்வோம். நள்ளிரவில் குளிர்சாதனப் பெட்டியும் ஒரு மின்விசிறியும் மட்டும் ஓடும் வீடு 300 வாட் கேட்டால், பேட்டரியிலிருந்து 500 வாட் போகும். ஐந்தில் இரண்டு பங்கு வீட்டை எட்டுவதே இல்லை. அதே 200 வாட், 4 கிலோவாட் கேட்கும் மாலை நேரத்தில் கண்ணிலேயே படாது.

கார் வைத்திருப்பவரின் முதல் கவலை பேட்டரியின் ஆயுள். லித்தியம் பேட்டரி இரண்டு வழிகளில் மூப்படைகிறது: ஏற்றி இறக்குவதால் ஒன்று, சும்மா இருப்பதால் மற்றொன்று. முழுதாக ஏற்றி வெப்பத்தில் நிறுத்திவைத்தால் இரண்டாவது வகை விரைவாகும். 2017-இல் ஹவாய்ப் பல்கலைக்கழகத்தில் மேத்யூ டுபாரியின் குழு, மின்கட்டமைப்புக்கு ஆற்றல் தருவது மின்கலங்களின் ஆயுளைக் குறைக்கும் என்று கண்டது. அதே ஆண்டில் இங்கிலாந்தின் வார்விக் பல்கலைக்கழகத்தில் கோடப் உத்தினின் குழு, அறிந்து செய்தால் ஆயுளை நீட்டிக்கவும் முடியும் என்று எழுதியது. இரு தரப்பும் மோதிக்கொள்ளாமல் 2018-இல் சேர்ந்தே ஒரு கட்டுரை வெளியிட்டன என்பது அறிவியலில் அடிக்கடி காணக் கிடைக்காத காட்சி. முரண்பாடு உண்மையில் முறையில் இருந்தது: கணக்கின்றி அதிகபட்சம் ஏற்றி இறக்குவது தேய்மானத்தைக் கூட்டும், பேட்டரி எந்த அளவில் நின்றால் குறைவாக மூப்படையும் என்பதை அறிந்து, உச்சத்தில் நிற்பதைத் தவிர்க்கும் வகையில் இறக்குவது தேய்மானத்தைக் குறைக்கவும் கூடும்.

அதற்காகவே காரும் சார்ஜரும் ஒன்றோடொன்று பேசிக்கொள்ள வேண்டியிருக்கிறது. இருதிசைப் பரிமாற்றத்துக்கான உரையாடலை வரையறுக்கும் ஐ.எஸ்.ஓ. 15118-20 என்ற பன்னாட்டுத் தரம் 2022-இல் வெளியானது. புறப்படும் நேரம் எப்போது, அப்போது எவ்வளவு மின்சாரம் இருக்க வேண்டும், எந்த அளவுக்குக் கீழே இறக்கக் கூடாது என்பவற்றை கார் சொல்ல, சார்ஜர் அதற்கேற்பத் திட்டமிடுகிறது. மாலை 6 மணிக்கு 80 விழுக்காட்டோடு வந்து நிற்கும் கார், இரவு 10 மணிக்குள் 55 விழுக்காட்டுக்கு இறங்கி, தேவை தணிந்த பின்னிரவில் மெல்ல ஏறத் தொடங்கி, காலை 7 மணிக்குக் கேட்ட 75 விழுக்காட்டை எட்டுகிறது. உரிமையாளர் கதவைத் திறக்கும்போது, கார் இரவெல்லாம் சும்மா நின்றதாகத்தான் அவருக்குத் தோன்றும்.