நீலத்தை நான் ஏற்றவில்லை

களியக்காவிளையில் எங்கள் ஸ்டுடியோவுக்குள் நுழைந்ததும் வலதுபக்கச் சுவரில் ஒரு பெரிய படம் தொங்கும். சாம்பல் நிறக் கடல், அதன் கரையில் ஒரு பனிச்சுவர், சுவரில் ஒரு பிளவு, அந்தப் பிளவுக்குள் சொட்டு நீலத்தைக் கரைத்து ஊற்றிய மாதிரி ஒரு நிறம். பாஸ்போர்ட் போட்டோவுக்கு வருகிறவர்கள், கல்யாண ஆல்பத்துக்கு அட்வான்ஸ் கொடுக்க வருகிறவர்கள், டீ கொண்டுவரும் பையன் உட்பட எல்லோரும் கேட்பது ஒரே கேள்விதான்: "இது போட்டோஷாப்பில ஏத்தினதுதானே அண்ணே?"

ஏற்றவில்லை. சொன்னால் நம்புவதில்லை. கல்யாண ஆல்பத்தில் மாப்பிள்ளையின் கழுத்தையும் கன்னத்தையும் நான் என்னவெல்லாம் செய்கிறேன் என்று ஊருக்கே தெரியும் என்பதால், அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நடுவில் இரண்டு வருஷம் கேமராவோடு வடக்கே போயிருந்தேன். முதல் வருஷம் கோடைகாலத்தில் ஒரு சிறிய பயணக் கப்பலில் போட்டோகிராபர் வேலை, அடுத்த வருஷம் ஏப்ரலில் மூன்று வாரம் கரையில். இடம் ஸ்வால்பார்ட். நார்வே நாட்டுக்குச் சொந்தமான தீவுக்கூட்டம், நார்வேயின் பெருநிலத்துக்கும் வடதுருவத்துக்கும் ஏறக்குறைய நடுவழியில் இருக்கிறது, நிலத்தில் பாதிக்கு மேல் பனியாறுகள்தான். அங்கே நி-ஓலசுன் என்று ஒரு குட்டி ஆராய்ச்சி ஊர், 79 டிகிரி வடக்கில். இந்தியாவின் ஹிமாத்ரி ஆய்வு நிலையம் 2008இலிருந்து அங்கேதான் இருக்கிறது. அந்த ஊர் நிற்பது கோங்ஸ்ஃபியோர்டன் என்ற நீண்ட கடல்குடாவின் கரையில். சுவரில் தொங்கும் படம் அந்தக் குடாவின் உள்முனையில், பனியாறு கடலுக்குள் வந்து முடியும் இடத்தில், ரப்பர் படகிலிருந்து எடுத்தது.

இனி நீலத்துக்கு வருவோம். அதற்கு நார்வே வரை போக வேண்டாம், தேங்காய்பட்டணம் வரை போனால் போதும்.

என் சித்தப்பா அங்கே ஒரு ஐஸ் கம்பெனியில் முப்பது வருஷமாக ஆபரேட்டர். மீன் லாரிகள் கேரளாவுக்குக் கிளம்பும் முன்னால் ஐஸ் ஏற்றுவது அங்கிருந்துதான். உயரமான தகர டின்களில் தண்ணீர் ஊற்றி, உறைநிலைக்கும் கீழே குளிரவைத்த உப்புத்தண்ணீர்த் தொட்டிக்குள் இறக்கிவிடுவார்கள், டின்னின் ஓரத்திலிருந்து உள்நோக்கி ஐஸ் கட்டிக்கொண்டே வரும். வெளியே எடுத்த ஐஸ் பாரைப் பார்த்திருப்பீர்கள். ஓரம் கண்ணாடி மாதிரி இருக்கும், நடுவில் மட்டும் பஞ்சு அடைத்த மாதிரி ஒரு வெள்ளைத் தண்டு ஓடும். சின்ன வயதில் அது உப்பு என்று நினைத்திருந்தேன்.

"வெள்ளையா கெடக்கது பூரா காத்துல்லா மக்களே" என்று சித்தப்பாதான் திருத்தினார்.

அவர் சொன்னது சரி. தண்ணீரில் எப்போதும் கொஞ்சம் காற்று கரைந்திருக்கும், ஆனால் பனிக்கட்டியின் படிகத்துக்குள் காற்றுக்கு இடமில்லை. அதனால் உறைய உறைய அந்தக் காற்று இன்னும் உறையாத தண்ணீருக்குள் தள்ளப்படுகிறது, கடைசியில் போக்கிடமில்லாமல் நடுவில் குமிழியாகச் சிக்கிக்கொள்கிறது. அந்த ஒவ்வொரு குமிழியின் சுவரிலும் ஒளி முட்டித் திரும்புகிறது. லட்சக்கணக்கான சின்னச் சுவர்கள், எல்லா நிறமும் ஒன்றுபோலத் திரும்பி வருகிறது, கண்ணுக்கு வெள்ளை. அதே பாரை உடைக்கும் மெஷினுக்குள் தள்ளினால் கண்ணாடியாக இருந்த ஓரமும் வெள்ளைத் தூளாக வந்து விழுமே, அங்கேயும் இதே கதைதான். வானத்திலிருந்து விழும் பனியும் அப்படித்தான், ஒவ்வொரு துகளும் தனியாகப் பார்த்தால் நிறமற்ற படிகம், குவித்தால் வெள்ளை.

வெள்ளைப் பனிக்குள் போன ஒளி ஐஸுக்குள் அதிக தூரம் நடக்கவே இல்லை. சில மில்லிமீட்டர், சில சென்டிமீட்டர், அதற்குள் முட்டி மோதி வெளியே வந்துவிட்டது. நடக்க விட்டால்தான் ஐஸின் உண்மையான நிறம் தெரியும்.

அந்த நிறம் நீலம். தண்ணீர் மூலக்கூறில் ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்திருக்கும் பிணைப்பு ஓயாமல் அதிர்ந்துகொண்டிருக்கிறது. அதன் அடிப்படை அதிர்வு அகச்சிவப்பில் இருக்கிறது, நம் கண்ணுக்கு எட்டாத பகுதி. ஆனால் வில்லுப்பாட்டில் வில்லின் நாணைத் தட்டினால் அடிச்சுருதியோடு மெல்லிய மேல்சுருதிகளும் எழுமே, அதுபோல இந்த அதிர்வுக்கும் மேல்சுருதிகள் உண்டு, அவற்றில் சில வந்து விழுவது கண்ணுக்குத் தெரியும் சிவப்பில். அதனால் ஐஸ் சிவப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கிறது. குமிழி இல்லாத சுத்தமான ஐஸில் ஒரு மீட்டர் நடந்தால் அடர் சிவப்பில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் காலி, ஐந்து மீட்டர் நடந்தால் பத்தில் ஒரு பங்குகூட மிஞ்சாது. நீலமோ அதே ஒரு மீட்டரில் நூறில் ஒரு பங்குகூடக் குறைவதில்லை. ஃப்ரிட்ஜில் எடுக்கும் ஐஸ் துண்டில் நீலம் ஏன் தெரிவதில்லை என்றால் இதனால்தான், இரண்டு சென்டிமீட்டரில் சிவப்பு எங்கே குறையப் போகிறது?

இங்கே ஒன்று சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் கடையில் யாராவது ஒரு வாத்தியார் கட்டாயம் "வானம் மாதிரிதானே?" என்பார். இல்லை சார். வானம் நீலமாக இருப்பது காற்று மூலக்கூறுகள் நீலத்தை அதிகமாகச் சிதறடிப்பதால். 1921இல் கப்பலில் ஊர் திரும்பிக்கொண்டிருந்த சி. வி. ராமன் மத்தியதரைக்கடலின் நீலத்தைப் பார்த்து, அது வானத்தின் வெறும் பிரதிபலிப்பு என்ற அந்தக் காலத்து விளக்கம் போதாது, தண்ணீர் மூலக்கூறுகளே ஒளியைச் சிதறடிக்கின்றன என்று காட்டினார். அந்தச் சிதறல் உண்மைதான், அதைத் துரத்திப் போய்த்தான் பிறகு நோபல் பரிசு வரை எட்டினார். ஆனால் பனியாற்றின் நீலத்தில் பெரும்பங்கு சிதறலுடையதல்ல, சிவப்பு குடிக்கப்பட்டதால் மிஞ்சியது.

இந்த விளக்கத்தைச் சித்தப்பாவிடம் சொன்னபோது அவர் கேட்ட கேள்வி எந்த வாத்தியாரும் கேட்காதது. அவர்கள் தொழிலில் கண்ணாடி ஐஸ் வேண்டுமென்றால் உறையும்போது டின்னுக்குள் ஒரு குழாயை விட்டுக் காற்றை ஊதித் தண்ணீரைக் கலக்கிக்கொண்டே இருக்க வேண்டும், அப்போதுதான் ஐஸ் சுவரில் ஒட்டும் குட்டிக் குமிழிகள் கழுவப்பட்டுப் போகும். காற்றை விரட்டக் காற்றை ஊதுவது, யோசித்தால் வேடிக்கைதான். "அப்போ அங்க காத்தடிக்க மெஷினு வச்சிருக்கது ஆரு?" என்றார்.

மெஷின், பனியின் எடைதான். புதிதாக விழுந்த பனி ஒரு கன மீட்டருக்கு நூறு கிலோ அளவில்தான் இருக்கும், மீதி முழுக்கக் காற்று. அதன்மேல் அடுத்த வருஷத்துப் பனி, அதன்மேல் அடுத்தது. அடியில் இருப்பது நசுங்கி, துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டி, 830 கிலோ அளவுக்கு இறுகும்போது துகள்களுக்கு இடையே இருந்த வழிகள் மூடிக்கொள்கின்றன, காற்று தனித்தனிக் குமிழியாக உள்ளே மாட்டிக்கொள்கிறது. கோடையில் கொஞ்சம் உருகும் இடங்களில் இதற்குச் சில பத்து வருஷம் போதும், அண்டார்டிகாவின் உட்பகுதி போன்ற வறண்ட குளிரில் ஆயிரக்கணக்கான வருஷம் ஆகும். அதற்குப் பிறகும் எடை ஏறிக்கொண்டே இருப்பதால் குமிழிகள் சுருங்கிச் சுருங்கி, ஐஸ் 917 கிலோவை நெருங்கும்போது ஒளிக்கு வழிமறிக்க ஆளில்லை. மீட்டர் கணக்கில் உள்ளே போய்விட்டுத் திரும்பி வருகிறது, வரும்போது சிவப்பைத் தொலைத்துவிட்டு வருகிறது. அண்டார்டிகாவில் துளைபோட்டு எடுத்த ஐஸில் சிக்கியிருந்த காற்றை வைத்துத்தான் 8 லட்சம் வருஷத்துக்கு முந்தைய கார்பன் டை ஆக்சைடு அளவைக்கூட அளந்திருக்கிறார்கள். அது தனிக் கட்டுரைக்கு உரிய சமாச்சாரம்.

சரி, கேமரா விஷயம். உண்மையில் கேமரா நீலத்தை ஏற்றுவதே இல்லை, இறக்கத்தான் பார்க்கும். ஆட்டோ ஒயிட் பேலன்ஸ் என்பது படம் முழுக்க ஒரு நிறம் தூக்கலாக இருந்தால் அது விளக்கின் கோளாறு என்று எடுத்துக்கொண்டு திருத்திவிடும். ஹாலில் ட்யூப்லைட்டுக்கு அது நல்லது, ஆனால் பனியாற்றின் முன்னால் நிற்கும்போது அதே புத்திசாலித்தனம் கண்ணுக்குத் தெரியும் நீலத்தைச் சாம்பலாக்கிவிடும். முதல் நாள் எடுத்த இருநூறு படமும் எனக்கு அப்படித்தான் போயின, பிறகுதான் ஒயிட் பேலன்ஸை டேலைட்டில், அதாவது பகல்வெளிச்சத்துக்கான அமைப்பில், பூட்டி வைத்தேன். வானமும் மூடியிருக்க வேண்டும். வெயில் நேராக அடித்தால் ஐஸின் மேற்பரப்பிலிருந்து வரும் பளபளப்பு உள்ளிருந்து வரும் மெல்லிய நீலத்தை அமுக்கிவிடும். ஐஸ் அப்போதுதான் உடைந்து விழுந்த முகமாகவும் இருக்க வேண்டும், சில நாள் வெயில் பட்டால் மேல்தோல் பொரிந்து வெடித்து மறுபடி வெள்ளையாகிவிடும். என் படத்தில் மூன்றும் ஒன்றாக அமைந்தது அதிர்ஷ்டம்.

இன்னொரு தொல்லை, பனி சாம்பலாக விழுவது. கேமராவின் ஒளிமீட்டர் எதைப் பார்த்தாலும் அது நடுத்தரச் சாம்பல், அதாவது மேலே விழும் ஒளியில் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்குத் திருப்பி அனுப்புவது, என்று நினைத்துக் கணக்குப் போடும். புதுப்பனி 80, 90 சதவீதம் திருப்பி அனுப்புகிறது. இவ்வளவு வெளிச்சமா என்று மீட்டர் பயந்துபோய் எக்ஸ்போஷரை, அதாவது கேமராவுக்குள் விடும் ஒளியை, குறைத்துவிடுகிறது. கப்பலில் என்னோடு வேலை பார்த்த மற்றவர்கள் இதில் தடுமாறியபோது நான் தடுமாறவில்லை என்பதைக் கொஞ்சம் பெருமையாகவே சொல்லிக்கொள்வேன், ஏனென்றால் எங்கள் பக்கத்துச் சர்ச் கல்யாணங்களில் வெள்ளைப் பட்டில் மணப்பெண், பக்கத்தில் கறுப்புக் கோட்டில் மாப்பிள்ளை, பின்னால் வெள்ளைச் சுவர் என்று இருபது வருஷமாக இதே மீட்டரோடு மல்லுக்கட்டுகிறேன். எக்ஸ்போஷரை ஒன்றரை ஸ்டாப் கூட்டிவை (ஒரு ஸ்டாப் என்றால் ஒளி இரண்டு மடங்கு), அவ்வளவுதான்.

வெளிச்சத்தைப் பற்றி ஒரு வார்த்தை. எங்கள் ஊர் 8 டிகிரி வடக்கில் இருக்கிறது, சூரியன் ஏறக்குறைய செங்குத்தாக இறங்கும், அந்திப் பொன்வெயில் முழுசாக ஐம்பது நிமிஷம்கூட நிற்காது. அவுட்டோர் ஷூட்டுக்குப் பெண் மேக்கப் முடித்து வருவதற்குள் போய்விடும். நி-ஓலசுனில் ஜூன் மாதக் கடைசி வாக்கில் சூரியன் மறைவதே இல்லை, நள்ளிரவில் அடிவானத்துக்கு 12 டிகிரி மேலே நின்றுகொண்டிருக்கும், நடுப்பகலிலும் 35 டிகிரிக்கு மேல் ஏறாது. வட்டமாகச் சுற்றுகிறது, அவ்வளவே. 20 டிகிரிக்குக் கீழே மட்டும் ஒரு நாளில் பத்து மணி நேரம் போல இருக்கிறது, அந்தச் சாய்வில் வரும் ஒளி நிறையக் காற்றைக் கடந்து வருவதால் மஞ்சளாகிவிடுகிறது. பத்து மணி நேரப் பொன்வெயில்! தூக்கம் கெட்டதுதான் மிச்சம்.

ஏப்ரலில் போனபோது மைனஸ் 18. பேட்டரி 60 சதவீதம் காட்டிக்கொண்டே இருந்து திடீரென்று செத்துப்போனது. தீர்ந்துபோகவில்லை, குளிரில் உள்ளே லித்தியம் அயனிகளின் நடை மந்தமாகிவிடுகிறது, கேமரா கேட்கும் வேகத்துக்கு மின்சாரம் கொடுக்க முடியாமல் வோல்டேஜ் சரிகிறது. பனியனுக்குள் வைத்துப் பத்து நிமிஷம் சூடாக்கினால் மறுபடி உயிர் வந்துவிடும். ஒன்று கேமராவில், இரண்டு நெஞ்சோடு, மாறி மாறி.

அதைவிடப் பெரிய ஆபத்து அறைக்குள் திரும்பும்போது. மைனஸ் 20இல் ஒரு கன மீட்டர் காற்றில் ஒரு கிராம் நீராவிதான் தங்கும், 20 டிகிரி சூட்டில் 17 கிராம் வரை தங்கும். ஐஸாகக் குளிர்ந்த கேமராவை அந்த அறைக்குள் கொண்டுபோனால் அதைத் தொடும் காற்று தன் ஈரத்தை லென்ஸிலும் உள்ளே சர்க்யூட்டிலும் போட்டுவிடும். வெளியே இருக்கும்போதே ஜிப் பையில் போட்டு மூடிக் கொண்டுவந்தால் ஈரம் பையின்மேல் படியும், கேமரா தப்பிக்கும். ஏசி காரிலிருந்து இறங்கித் தேங்காய்பட்டணம் கடற்கரையில் கேமராவைத் திறந்த எல்லோருக்கும் லென்ஸ் வியர்ப்பது தெரிந்ததுதான், அங்கே திசை மட்டும் மாறுகிறது.

கடைசியாக, படத்தில் வராத ஒன்று. படகு எஞ்சினை நிறுத்தியதும் சுற்றி மிதக்கும் ஐஸ் துண்டுகள் எல்லாம் பொரிந்துகொண்டிருந்தன. அழுத்தத்தில் நசுங்கிக் கிடந்த குமிழிகள், ஐஸ் உருகிச் சுவர் மெலியும்போது பட்பட்டென்று வெடிக்கின்றன. கடலுக்கடியில் மைக் இறக்கிக் கேட்டவர்கள், இப்படிப் பனியாறு வந்து முடியும் குடாக்கள் கடலிலேயே மிக இரைச்சலான இடங்களில் சேரும் என்கிறார்கள். ஃபோனில் அதைப் பதிந்துகொண்டு வந்தேன்.

சித்தப்பா கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு ஃபோனைக் காதோடு வைத்துக் கேட்டார். "கடுகு தாளிக்கது மாதிரில்லா இருக்கு." மறுபடி ஒருமுறை கேட்டார். பிறகு, "நம்ம ஐஸும் உருகத்தான செய்யுது, அது ஏன் மக்களே இப்படிப் பேச மாட்டேங்குது?"

நம் ஐஸும் சர்பத்தில் போட்டால் டக்கென்று கீறும், அது திடீர்ச் சூட்டில் விரிசல் விடுகிற சத்தம். உள்ளே இருக்கும் காற்று வெடிப்பதில்லை. அவருடைய டின்னில் நடுவே சிக்கிய காற்றின்மேல் நூறு மீட்டர் உயரத்துக்கு யாரும் பனியை ஏற்றி வைக்கவில்லை.