பத்தடிச் சட்டத்தில் பத்தடி தைக்க முடியாது

மற்றவர்கள் துண்டு துண்டாக இணைத்துக் கொண்டுவரும் மேல்துணிகளை, நடுவில் பஞ்சு விரிப்பும் அடியில் இன்னொரு துணியும் வைத்து, லாங்ஆர்ம் என்ற பெரிய தையல் இயந்திரத்தில் ஏற்றி குவில்டிங் செய்து, அதாவது மூன்றையும் சேர்த்துத் தைத்து, கொடுப்பது என் தொழில். அப்படித் தைத்த மூன்றடுக்கு விரிப்புதான் குவில்ட். மாதக்கணக்கான உழைப்பு என் மேசைமேல் வந்து இறங்கும். பிரித்து விரிக்கும்போதே சில நேரம் தெரிந்துவிடும், துணியை இழுத்துப் பிடிக்கும் என் இயந்திரத்தின் சட்டத்தில், அதாவது ஃப்ரேமில், இது அடங்காது என்று. கடைசி பார்டரையும் தைத்து முடித்துவிட்டு நிற்பவரிடம் அதைச் சொல்வது எளிதல்ல. அந்த பார்டரை வைப்பதற்கு முன்பே கணக்குப் போட்டிருந்தால் வழி சுலபமாக இருந்திருக்கும். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

சட்டத்தின் அளவாகச் சொல்லப்படுவது அதன் நீளம். ஊசி போய்வரும் அகலம் அல்ல. பத்தடி என்றால் 120 அங்குலம். இயந்திரமும் அது ஓடும் வண்டியும் இரண்டு கோடியிலும் இடம் பிடித்துக்கொள்ளும். துணியைப் பக்கவாட்டில் இழுத்துப் பிடிக்கும் கிளிப்புகளுக்கும் இடம் வேண்டும். தைக்கக் கிடைப்பது பெரும்பாலும் 105 முதல் 110 அங்குலம்வரைதான், அதுவும் இயந்திரத்துக்கு இயந்திரம் மாறும். நீங்களே அளந்துவிடுங்கள். இயந்திரத்தை இடக்கோடிவரை தள்ளி ஊசி நிற்கும் இடத்தில் ஒரு குறி, வலக்கோடியில் இன்னொரு குறி, நடுவில் டேப். அடித்துணியும் பஞ்சு விரிப்பும் மேல்துணியைவிட ஒவ்வொரு பக்கமும் 4 அங்குலம் கூடுதலாக இருக்க வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மேல்துணி 104 அங்குலம் என்றால் அடித்துணி 112.

அகலம் மட்டும்தான் இடிக்கிறது என்றால் குவில்ட்டைத் திருப்பி ஏற்றுங்கள். 104க்கு 122 அளவுள்ள ஒன்றை 104 பக்கம், துணியைச் சுருட்டும் உருளையின் நீளவாக்கில் வரும்படி ஏற்றினால் பத்தடிச் சட்டத்திலேயே முடியும். நீளம் எவ்வளவு இருந்தாலும் உருளை சுருட்டிக்கொள்ளும். ஆனால் தலைகீழ் தெரியும் வடிவங்கள், பறவையோ எழுத்தோ இருந்தால், தையல் வடிவத்தையும் அதே பக்கம் திருப்ப மறக்காதீர்கள். நீளம் கூடக் கூட சுருட்டிய பகுதி பருக்கும் என்பதும் நினைவில் இருக்கட்டும். தடித்த பஞ்சில் அந்தச் சுருளின் குறுக்களவு 5 அங்குலத்தைத் தாண்டிவிடும். ஊசிக்கும் இயந்திரத்தின் பின்பக்கத்துக்கும் நடுவே இருக்கும் இடத்தைத்தான் அது தின்னும். தொடக்கத்தில் தாராளமாக அடங்கிய வடிவம் கடைசி வரிசைகளில் இடிப்பது இதனால்தான். வடிவத்தின் உயரத்தைக் கடைசி வரிசையை நினைத்து முடிவு செய்யுங்கள்.

இரண்டு பக்கமும் சட்டத்தைத் தாண்டினால்? இங்கேதான் பலர் ஒரு தவறு செய்கிறார்கள். தொழிலின் தொடக்கத்தில் நானும் செய்தேன். அடங்காத பகுதியை உருளையின் ஒரு கோடியில் தொங்கவிட்டு, எட்டியவரை தைத்துவிட்டு, பிறகு கழற்றி மறுபக்கம் ஏற்றினேன். உருளைமேல் இருக்கும் துணி இழுவையோடு நிற்கிறது. தொங்கும் துணியைப் பிடிக்க எதுவும் இல்லை, அதன் எடையே அதைக் கோணலாக இழுக்கிறது. தைக்கத் தைக்க மேல்துணியில் மிஞ்சும் தளர்வு ஓரத்தை நோக்கி நகரும். இரண்டாம் முறை ஏற்றியபோது அந்தத் தளர்வு முழுவதும் ஏற்கெனவே தைத்த பகுதியின் விளிம்பில் வந்து முட்டியது. போக வழியில்லாமல் மேல்துணி மடிப்பு மடிப்பாகத் தையலுக்குள் சிக்கியது. அடித்துணியில் அதைவிட மோசம். இரண்டு நாள் உட்கார்ந்து தையலைப் பிரித்தேன். ஊசித் துளைகள் சில இடங்களில் மறையவே இல்லை. அந்தப் பெண்மணி ஒரு சொல்கூடக் கடிந்து பேசவில்லை. அது இன்னும் என் மனதில் இருக்கிறது.

அதற்குப் பிறகு நான் நம்புவது பார்டரைப் பிறகு சேர்க்கும் முறையை. 108க்கு 108 குவில்ட், கையில் எட்டடிச் சட்டம் என்று வைத்துக்கொள்வோம். நடுப்பகுதி 80 அங்குலம், சுற்றிலும் 14 அங்குல பார்டர். நடுப்பகுதிக்கு வேண்டிய அடித்துணி 88 அங்குலம்தான்; எட்டடி என்பது 96. நடுப்பகுதியை மட்டும் முழுமையாகத் தைத்து, கழற்றி, நான்கு மூலையும் சதுரமாக வெட்டுங்கள். இப்போது அளந்தால் 80 இருக்காது. தையல் துணியை உள்ளிழுக்கும். நெருக்கமாகத் தைத்திருந்தால் 78 வந்தாலும் வியப்பில்லை. ஆகையால் பார்டரை முன்கூட்டியே வெட்டி வைக்காதீர்கள். நடுவிலும் இரண்டு ஓரத்திலுமாக மூன்று இடத்தில் அளந்து, சராசரி எடுத்து, அந்த நீளத்துக்கு வெட்டுங்கள். அலைபாயும் பார்டர்கள் பெரும்பாலும் இந்த ஓர் அளவைத் தவறவிட்டதால் வருபவை.

பிறகு நடுப்பகுதியின் முன்பக்கம் பார்டர் துணியையும் பின்பக்கம் அதற்கான அடித்துணிப் பட்டையையும் நல்ல பக்கம் உள்ளே பார்க்க வைத்து, பஞ்சுப் பட்டையையும் சேர்த்து ஒரே தையலாகத் தையுங்கள். முதலில் எதிரெதிர் பக்கங்கள் இரண்டு, பிறகு மற்ற இரண்டு. துணிகளை வெளியே திருப்பினால் பஞ்சு நடுவில் அமர்ந்துவிடும். பார்டரை வீட்டுத் தையல் இயந்திரத்திலேயே தைக்கலாம். குவில்ட்டின் கனம் முழுவதும் இயந்திரத்துக்கு வெளியே, இடப்பக்கம் இருக்கும். அதைத் தாங்க இடப்பக்கம் இன்னொரு மேசையைப் போட்டுக்கொள்ளுங்கள். கீழே தொங்கவிட்டால் எடை இழுத்து ஊசி வளையும், தோளும் வலிக்கும்.

பார்டரே இல்லாத, ஒரே வடிவம் முழுக்க ஓடும் குவில்ட்டுக்கு இந்த வழி பொருந்தாது. அதை இரண்டு பாதியாகத் தைத்து இணைக்க வேண்டும். கட்டங்களின் வரிசை முடியும் இடத்தில் பிரியுங்கள், கட்டத்தின் நடுவில் வேண்டாம். இணையும் ஓரத்தில் 2 முதல் 3 அங்குலம் தைக்காமல் விடுங்கள். அங்கே நிற்கும் நூல்களை முடிச்சுப் போடாமல் அரையடி நீளத்துக்கு விட்டால் வடிவத்தைப் பிறகு தொடரலாம். மேல்துணிகளை இயந்திரத்தில் இணையுங்கள். பஞ்சு விரிப்புகளை ஒன்றின்மேல் ஒன்று ஏற்றாமல், விளிம்போடு விளிம்பு முட்ட வெட்டி, கையால் தளர்வாகக் கோத்துவிடுங்கள். இறுக்கினால் அங்கே ஒரு வரப்பு எழும். அடித்துணியில் ஒரு பக்கத்தை மடித்து மறுபக்கத்தின்மேல் படுக்கவைத்து மறைதையல் போட்டால் போதும். விட்ட இடத்தில் தையலைத் தொடர மறந்துவிடாதீர்கள். எவ்வளவு இடைவெளிவரை தையல் இல்லாமல் விடலாம் என்பது பஞ்சு விரிப்பின் உறையிலேயே இருக்கும். அதைத் தாண்டினால் சில துவையலிலேயே பஞ்சு நகரத் தொடங்கும்.

கையால் தைப்பவர்களுக்கு இவ்வளவு கட்டுப்பாடு இல்லை. தரையில் மூன்று அடுக்கையும் விரித்து, ஒரு கையகல இடைவெளியில் பெரிய ஓட்டுத்தையல் போட்டுவிட்டால், துணியை இறுக்கிப் பிடிக்கும் 14 அங்குல வளையத்திலேயே எவ்வளவு பெரிய குவில்ட்டையும் முடிக்கலாம், நடுவிலிருந்து வெளியே நகர்ந்தால். இரவில் வளையத்தைக் கழற்றி வையுங்கள். மாட்டியே விட்டால் தடம் பதிந்துவிடும்.

பெரிய குவில்ட்டைத் தைக்கக் கொடுக்கப் போகிறவர்கள், பார்டரைத் தனியாக வைத்துக்கொண்டு, நடுப்பகுதியின் அளவோடு முதலில் பேச வாருங்கள். தைக்கிறவரிடம் ஊசி போகும் அகலம் எத்தனை அங்குலம் என்று கேளுங்கள். சட்டம் எத்தனை அடி என்று மட்டும் கேட்டுவிட்டுத் திரும்பாதீர்கள்.