செயலியை மூடிய பிறகு மனம் எப்படி இருக்கிறது?

2020-இல் கொரோனா ஊரடங்கு மூன்று மாதத்தைத் தொட்டிருந்தது. தளர்வு வந்ததே என்று ஆசுவாசப்படுவதற்குள் சென்னையிலும் அதைச் சுற்றியுள்ள மூன்று மாவட்டங்களிலும் ஜூன் 19 முதல் மறுபடியும் முழு ஊரடங்கு. 24 முதல் மதுரையிலும். மனநல மருத்துவராக அந்த மூன்று மாதங்களில் பெரும்பாலானவர்களைத் தொலைபேசியிலும் காணொளியிலும்தான் பார்த்தேன். பேச்சின் முடிவில் பலரும் கேட்டது ஒன்றே: “மனசுக்கு நல்லதாக ஏதாவது ஒரு செயலி சொல்லுங்கள், டாக்டர்.”

நான் உடனே பெயர் சொல்வதில்லை. கைபேசியில் என்னென்ன இருக்கின்றன, எதை எந்த நேரத்தில் திறக்கிறீர்கள் என்று கேட்பேன். தேவையானது பெரும்பாலும் ஏற்கெனவே அங்கே இருக்கும். தூக்கத்தைக் கெடுப்பதும் அங்கேயேதான் இருக்கும்.

தபால் துறையில் ஓய்வுபெற்ற ஒருவர். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். இரவில் நெஞ்சு படபடக்கிறது என்று அழைத்தார். இசிஜி எடுத்தாகிவிட்டது, கோளாறு இல்லை. அவருடைய நாளை விசாரித்தபோது விஷயம் வெளிவந்தது. மாலையில் சுகாதாரத் துறை வெளியிடும் தொற்று எண்ணிக்கைக்காக ஐந்து மணியிலிருந்தே காத்திருப்பார். வந்ததும் மாவட்ட வாரியாக ஒரு நோட்டில் குறித்துக்கொள்வார். பிறகு அதே பட்டியல் உறவினர் குழு, பழைய அலுவலகக் குழு, தெருக்குழு என்று ஒவ்வொன்றிலும் வந்து விழும். கூடவே மருத்துவமனையில் படுக்கை இல்லை என்று யாரோ அழும் ஒரு குரல் பதிவு. எந்த ஊர், எந்தத் தேதி, யாருக்கும் தெரியாது. படுக்கப் போகும்வரை இதே வேலை.

அவரிடம் செய்தியே பார்க்காதீர்கள் என்று சொல்லவில்லை; சொன்னால் ஒளித்து வைத்துப் பார்ப்பார். எண்ணிக்கையை ஏழு மணிக்கு ஒரே ஒரு முறை பாருங்கள், நோட்டில் எழுதுவதை மட்டும் நிறுத்துங்கள் என்றேன். குழுக்களின் ஒலியை அடக்கச் சொன்னேன். வாட்ஸ்அப்பில் அதற்கு எட்டு மணி நேரம், ஒரு வாரம், எப்போதும் என்று மூன்று வாய்ப்புகள் உண்டு. கூச்சப்படாமல் ‘எப்போதும்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். நீங்கள் அடக்கியது குழுவில் ஒருவருக்கும் தெரியாது. சம்பந்தி வீட்டார் கோபித்துக்கொள்ள வழியில்லை. இரட்டை அம்புக்குறியோடு வரும் செய்தி பலமுறை கைமாறி வந்தது என்று பொருள். 2020 ஏப்ரல் முதல் அத்தகைய செய்தியை ஒரு நேரத்தில் ஒருவருக்கோ ஒரு குழுவுக்கோ மட்டுமே அனுப்ப முடியும் என்று வாட்ஸ்அப் கட்டுப்படுத்தியிருக்கிறது. அப்படியும் அது உங்களிடம் வந்து சேர்ந்திருக்கிறதென்றால் எத்தனை பேர் சலிக்காமல் உழைத்திருக்கிறார்கள் என்று பாருங்கள்.

மாலை நேரம் காலியாகிவிட்டதே, என்ன செய்வது? கோயம்புத்தூரில் இருக்கும் பேரன், தாத்தா பாட்டி இருவர் கைபேசியிலும் லூடோ கிங் விளையாட்டை ஏற்றவைத்தான். அவருடைய மனைவி சிறுவயதில் புளியங்கொட்டையை உரசித் தாயம் போட்டவர். கட்டங்களைப் பார்த்ததும் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாராம். காய் வெட்டுப்பட்டால் பேரனை வாய்விட்டுத் திட்டுவது வரைக்கும் போய்விட்டது என்று கணவர் புகார் சொன்னார். ஆட்டம் அரை மணி நேரத்தில் முடிகிறது, ஒருவர் ஜெயிக்கிறார், கைபேசியைக் கீழே வைக்கிறார்கள். படபடப்பு சில வாரங்களில் வெகுவாகக் குறைந்தது. லூடோ மருந்து என்று நான் சொல்ல வரவில்லை. நான் கவனிப்பது இரண்டு விஷயங்களை: அந்தச் செயலிக்கு முடிவு என்று ஒன்று இருக்கிறதா? மறுமுனையில் உங்களுக்கு வேண்டிய ஒரு மனிதர் இருக்கிறாரா? இரண்டுக்கும் ஆம் என்றால் நான் பெரும்பாலும் கவலைப்படுவதில்லை. இரண்டுமே இல்லையென்றால் எத்தனை நிமிடம் என்று கேட்க ஆரம்பிப்பேன்.

குறுங்காணொளிகளுக்கு முடிவே கிடையாது. 2020 ஜூன் இறுதியில் இந்தியாவில் தடைசெய்யப்படும்வரை டிக்டாக்கில் விரல் தள்ளத் தள்ள அடுத்தது வந்தது. யூடியூபில் ஒன்று முடிந்தால் மற்றது தானாகவே ஓடும். அந்தத் தானியங்கி ஓட்டத்தை நிறுத்த அமைப்பிலேயே வழி இருக்கிறது. முதலில் அதைச் செய்யுங்கள். படுக்கும் நேரத்தை நினைவூட்டும் வசதியையும் யூடியூப் 2020 மே மாதம் கொண்டுவந்தது. எல்லாவற்றையும்விட எளியது, கைபேசியைக் கூடத்தில் சார்ஜில் போட்டுவிட்டு வேறு அறையில் படுப்பது. ஒற்றை அறை வீடென்றால் அலமாரியின் மேல்தட்டு.

காணொளி அழைப்புகளைப் பற்றிச் சிறிது. வாட்ஸ்அப்பில் 2020 ஏப்ரல் கடைசியிலிருந்து எட்டுப் பேர் ஒன்றாகப் பேச முடிந்தது. ஜூம் பாதுகாப்பானதல்ல என்று மத்திய உள்துறை அமைச்சகம் 2020 ஏப்ரலில் எச்சரித்தது. பயன்படுத்தியே ஆக வேண்டுமென்றால் கடவுச்சொல்லும் காத்திருப்பு அறையும் இருக்கட்டும். ஆனால் வயதானவர்களுக்கு எட்டுப் பேர் கூட்டம் ஒத்துவருவதில்லை. எல்லோரும் ஒரே நேரத்தில் பேச, காது மந்தமான பாட்டி சிரித்துக்கொண்டே இருப்பார். நன்றாக இருந்தார்கள் என்று பிள்ளைகள் நினைத்துக்கொள்வார்கள். அவரோடு மட்டும், தினம் ஒரே நேரத்தில், பத்து நிமிடம் பேசுங்கள். அந்த நேரத்துக்காக அவர் தலைவாரிப் பொட்டு வைத்துக்கொண்டு காத்திருக்கத் தொடங்கினால் பாதி வேலை முடிந்தது.

தியானம், மூச்சுப்பயிற்சிக்கென்றே ஹெட்ஸ்பேஸ், காம் போன்ற செயலிகள் உண்டு. நன்றாகவே செய்திருக்கிறார்கள். ஆனால் குரல் பெரும்பாலும் ஆங்கிலம். நல்ல பகுதிகளுக்குச் சந்தா. அந்த ஆங்கிலத்தைப் புரிந்துகொள்ளும் முயற்சியிலேயே சிலருக்குப் பதற்றம் கூடுகிறது. உசிலம்பட்டிப் பக்கத்துப் பெண்ணொருவருக்கு நான் சொன்ன மாற்று, அவருடைய மகளின் குரல். கைபேசியில் இருக்கும் குரல் பதிவியில், “அம்மா, மெதுவாக இழு... இன்னும் மெதுவாக விடு” என்று ஐந்து நிமிடம் பதிந்து கொடுத்தாள் அந்தப் பிள்ளை. இழுப்பதைவிட விடுவது நீளமாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். பின்னால் குக்கர் விசில் கேட்கிறது, கேட்டுவிட்டுப் போகட்டும். ஒரு எச்சரிக்கை: கடும் பதற்றம் உள்ள சிலருக்கு மூச்சைக் கவனித்தாலே மூச்சு முட்டுவதுபோல் இருக்கும். அவர்கள் மூச்சை விட்டுவிட்டு, கால் தரையில் படுவதையோ எதிரே தெரியும் பொருள்களையோ கவனித்தால் போதும்.

ஊரடங்கில் குழந்தைகளுக்கு இணைய வகுப்பு தவிர்க்க முடியாததாகிவிட்டது. இணைய வகுப்பு இருந்தால் அந்த நேரத்தையும் விளையாட்டு நேரத்தையும் சேர்த்துக் கணக்குப் பார்த்து அவர்களை வையாதீர்கள்.

பணம் வைத்து ஆடும் ரம்மியைப் பொழுதுபோக்குச் செயலிகளோடு சேர்க்கவே மாட்டேன். வருமானம் நின்றுபோன வீட்டில் முதல் ஆட்டத்தில் கிடைக்கும் சிறு வெற்றியைப் போல ஆபத்தானது வேறில்லை. இழந்ததை மீட்கவே அடுத்த ஆட்டம் என்று சொல்லத் தொடங்கிவிட்டால், அது சிகிச்சைக்கு வரவேண்டிய நிலை. அதை அடுத்து வருபவை உடனடிக் கடன் செயலிகள். ஏற்றும்போதே உங்கள் தொடர்பு எண்கள் முழுவதையும் பார்க்க அனுமதி கேட்கும் செயலியில் கடன் வாங்காதீர்கள். தவணை தப்பினால் மைத்துனருக்கும் மேலதிகாரிக்கும் போன் போகிறது. அந்த அவமானத்தோடு என்னிடம் வந்தவர்கள் இருக்கிறார்கள்.

எந்தச் செயலியாலும் ஆகாத கட்டம் ஒன்று உண்டு. இரண்டு வாரமாகத் தூக்கமோ பசியோ இல்லை, எதிலும் மனம் ஒட்டவில்லை, செத்துவிடலாம் என்ற எண்ணம் வருகிறது என்றால் மருத்துவரிடம் பேச வேண்டும். கடைசியாகச் சொன்னது வந்தால் இரண்டு வாரம் காத்திருக்க வேண்டாம், அன்றே. 104 மருத்துவ உதவி எண்ணை அழைக்கலாம், மத்திய அரசின் மனநல உதவி எண்ணான டெலி-மானஸ் 14416 இருக்கிறது. அரசின் இ-சஞ்சீவனியில் கைபேசி எண்ணைக் கொடுத்து டோக்கன் வாங்கிக் காணொளியில் மருத்துவரைப் பார்க்கலாம், கட்டணம் இல்லை. தொலைமருத்துவத்துக்கான நெறிமுறைகள் 2020 மார்ச் 25 அன்று வந்துவிட்டதால் இப்படி மருந்துச் சீட்டு தருவது முறைப்படியானதுதான். ஆனால் எல்லாத் தூக்க மாத்திரைகளையும் இவ்வாறு எழுதித்தர முடியாது. மறுத்தால் மருத்துவரைக் கோபிக்காதீர்கள்.

காணொளி ஆலோசனையில் பெரிய சிக்கல் இணைய வேகமல்ல, இடம். இரண்டு அறை வீட்டில் ஆறு பேர் அடைந்துகிடக்கும்போது, மாமியாரைப் பற்றியோ குடிக்கும் கணவரைப் பற்றியோ எங்கே நின்று பேசுவது? மொட்டைமாடித் துணிக்கொடிக்குக் கீழேயிருந்து பேசுகிறார்கள், நிறுத்திய காருக்குள்ளிருந்து பேசுகிறார்கள். அந்த வசதியும் இல்லாதவர்கள் அழைப்பின் தொடக்கத்திலேயே, “பக்கத்தில் ஆள் இருக்கிறார்கள்” என்று ஒரு வரி தட்டச்சு செய்து அனுப்பிவிடுங்கள். ஆம், இல்லை என்று மட்டும் பதில் சொல்லும்படி கேள்விகளை நான் மாற்றிக்கொள்வேன். வீட்டில் அடி விழுகிறது என்றால் அதையும் அதே வரியில் சேர்த்து அனுப்புங்கள். 181 பெண்கள் உதவி எண்ணை எப்போது, எப்படி அழைப்பது என்று எழுத்திலேயே பேசிக்கொள்ளலாம். பேசி முடித்ததும் அந்த உரையாடலை அழித்துவிடுங்கள்.