சிடி ஐகானை நீக்க ஹார்டு டிஸ்க்கை ஃபார்மேட் செய்யாதீர்கள்

"ஃபார்மேட் பண்ணிட்டேன், போட்டோ எல்லாம் போச்சு. ஆனா அந்த சிடி ஐகான் மட்டும் போகல!" சில எக்ஸ்டெர்னல் ஹார்டு டிஸ்க்குகளைக் கணினியில் செருகினால், நிறுவனத்தின் மென்பொருள் அடங்கிய ஒரு சிடி ஐகானும் கூடவே தெரியும். அதை நீக்கப் பார்த்தவர்களின் இந்தப் புலம்பல், அழிந்த கோப்புகளை மீட்கும் டேட்டா ரெக்கவரி வேலையில் இருக்கும் எங்களுக்குக் கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டது. அழிந்தவை குழந்தையின் முதல் படங்கள் என்று தெரியும்போது வயிறு எரிகிறது.

ஃபார்மேட் உங்கள் கோப்புகள் இருக்கும் பார்ட்டிஷனை, அதாவது டிஸ்க்கில் பிரித்து வைத்த பகுதியை, மட்டுமே தொடும். வெஸ்டர்ன் டிஜிட்டலின் பழைய மை பாஸ்போர்ட், மை புக் வகைகளில் தெரியும் அந்த சிடி, பார்ட்டிஷனுக்கு வெளியே இருக்கிறது. கேபிளைச் செருகியதும் டிரைவின் ஃபர்ம்வேரே (அதற்குள் பதிந்திருக்கும் இயக்க மென்பொருள்) ஒரு ஹார்டு டிஸ்க்கையும் ஒரு சிடி டிரைவையும் கணினிக்குக் காட்டுகிறது. எத்தனை முறை ஃபார்மேட் செய்தாலும், விண்டோஸின் டிஸ்க்பார்ட் கருவியில் டிஸ்க்கைத் துடைக்கும் கிளீன் கட்டளை கொடுத்தாலும் அது அசையாது. கிளீன் கொடுக்கும் அவசரத்தில் டிஸ்க் எண்ணை மாற்றிப் போட்டுக் கணினியின் சொந்த டிஸ்க்கையே துடைத்தவர்களும் உண்டு.

டிரைவின் இடத்தை அந்த சிடியில் உள்ள மென்பொருள் தின்றுவிட்டது என்ற எண்ணமும் தவறு. 1 டிபி டிரைவ் விண்டோஸில் சுமார் 931 ஜிபி என்றுதான் தெரியும். தயாரிப்பாளர் ஆயிரத்தின் பெருக்கத்தில் கணக்கிடுகிறார், விண்டோஸ் 1024-இன் பெருக்கத்தில். அழித்து மீட்க அங்கே எதுவும் இல்லை.

ஐகான் கண்ணை உறுத்தினால் விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்ட்டைத் திறந்து, அந்த சிடி மீது வலது கிளிக் செய்து, டிரைவ் எழுத்தை (E:, F: போன்றது) நீக்குங்கள். அந்தக் கணினியில் மறைந்துவிடும், டேட்டாவுக்கு ஒன்றும் ஆகாது. எல்லாக் கணினியிலும் மறைய வேண்டுமென்றால், அந்த மாடலுக்கு நிறுவனமே வெளியிட்ட விசிடி மேனேஜர் என்ற மென்பொருளைப் பயன்படுத்துங்கள். அதுவும் மறைக்கத்தான் செய்யும்.

டிரைவுக்குப் பாஸ்வேர்டு போட்டிருந்தால் மட்டும் தயவுசெய்து நிறுத்துங்கள். பூட்டைத் திறக்கும் மென்பொருள் அந்த சிடிக்குள்தான் இருக்கிறது. முதலில் பாஸ்வேர்டை எடுத்துவிடுங்கள், பிறகு சிடியை மறைத்துவிடுங்கள். பாஸ்வேர்டு மறந்துபோனால் டிரைவை முழுதாக அழிப்பதுதான் மிச்சம். உறையை உடைத்து டிஸ்க்கை வேறு பெட்டியில் மாட்டியும் பயனில்லை, இவற்றில் பலவும் சர்க்யூட் போர்டிலேயே டேட்டாவை என்கிரிப்ட் (சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி மாற்றுவது) செய்பவை.

சீகேட் போன்ற நிறுவனங்களின் டிரைவ்களில் கதை எளிது. 'ஸ்டார்ட் ஹியர்' என்று தொடங்குபவை வெறும் கோப்புகள், தேர்ந்தெடுத்து அழித்தால் போதும்.

டிரைவோடு வந்த மென்பொருளைக் கணினியில் ஏற்கெனவே நிறுவிவிட்டீர்களா? டிரைவை எவ்வளவு துடைத்தாலும் அது கணினியில் ஓடிக்கொண்டே இருக்கும். செட்டிங்ஸில் ஆப்ஸ் பட்டியலுக்குப் போய் அன்இன்ஸ்டால் செய்யுங்கள். அதற்கு முன் பேக்கப் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். வெஸ்டர்ன் டிஜிட்டலின் ஸ்மார்ட்வேர் மென்பொருளில் பேக்கப் எடுத்திருந்தால், டிரைவில் 'டபிள்யூடி ஸ்மார்ட்வேர்.எஸ்டபிள்யூஸ்டோர்' (WD SmartWare.swstor) என்ற பெயரில் ஒரு ஃபோல்டர் இருக்கும். குப்பை என்று நினைத்துப் பலர் அழிப்பது அதைத்தான், உங்கள் பேக்கப்பே அதற்குள்தான் இருக்கிறது. உள்ளே இருப்பதை வேறு டிரைவுக்கு நகலெடுத்து, சில கோப்புகளைத் திறந்து பார்த்துவிட்டு அப்புறம் கை வையுங்கள்.

ஏற்கெனவே ஃபார்மேட் செய்துவிட்டவர்கள் உடனே கேபிளைக் கழற்றுங்கள். அதில் புதிதாக எதையும் எழுதாதீர்கள், ரெக்கவரி மென்பொருளையும் அதிலேயே நிறுவாதீர்கள். கோப்புப் பட்டியலை மட்டும் அழிக்கும் குவிக் ஃபார்மேட் என்றால் பெரும்பாலும் மீட்க வழி இருக்கிறது. விண்டோஸ் விஸ்டாவிலோ அதற்குப் பின் வந்த விண்டோஸிலோ முழு ஃபார்மேட் செய்திருந்தால் டிஸ்க் முழுக்கப் பூஜ்யம் எழுதப்பட்டிருக்கும், எங்களாலும் மீட்க முடியாது.