ஐரோப்பாவின் 750 சதுர செ.மீ. விதி: முட்டைக்கோழிக் கூண்டுச் சட்டம் சொல்வதும் சந்தையில் செய்ததும்

ஓர் ஏ4 தாளை மேசைமேல் விரித்து வையுங்கள். அதன் பரப்பு ஏறக்குறைய 624 சதுர செ.மீ. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2011 டிசம்பர் 31 வரை கூண்டில் ஒரு முட்டைக்கோழிக்கு 550 சதுர செ.மீ. இடம் கொடுத்தால் சட்டப்படி போதும். அந்தத் தாளைவிடச் சிறிய இடம். மறுநாள் முதல் அதே கோழிக்கு 750 தேவைப்பட்டது.

இதற்கான சட்டம் 1999 ஜூலையில் வந்தது. இது ஒன்றியம் பிறப்பிக்கும் ‘டைரக்டிவ்’ வகையைச் சேர்ந்தது. அதாவது இலக்கையும் கெடுவையும் ஒன்றியம் சொல்லிவிடும், அதற்கேற்ற சட்டத்தை ஒவ்வொரு நாடும் தானே போட்டுக்கொள்ள வேண்டும். 2003 ஜனவரி 1 முதல் பழைய மாதிரிக் கூண்டு புதிதாக அமைக்கக் கூடாது. 2012 ஜனவரி 1 முதல் ஏற்கெனவே இருக்கும் பழைய கூண்டையும் பயன்படுத்தக் கூடாது. 350 கோழிக்குக் குறைவாக வைத்திருப்பவர்களுக்கு இது பொருந்தாது. குஞ்சு பொரிக்கும் முட்டைக்காக வளர்க்கும் தாய்க்கோழிப் பண்ணைக்கும் பொருந்தாது.

‘ஐரோப்பா கூண்டையே ஒழித்துவிட்டது’ என்று பலர் எழுதுகிறார்கள். அது தவறு. ஒழிந்தது வெறும் கம்பிக் கூண்டு. வசதி சேர்த்த கூண்டு இன்றும் ஒன்றியச் சட்டப்படி செல்லும். அதில் கோழிக்கு 750 சதுர செ.மீ., அதிலும் 600 நடமாடும் இடமாக இருக்க வேண்டும். அந்த இடத்துக்கு மேல் 45 செ.மீ. உயரம். முட்டையிட ஒதுக்கமான ஒரு கூடு, கொத்திக் கிளற ஏதாவது உதிரிப் பொருள், கோழிக்கு 15 செ.மீ. வீதம் உட்காரும் கழி, 12 செ.மீ. தீவனத் தொட்டி, நகம் தேய்க்க ஒரு சாதனம். வரிசைக்கு நடுவே ஆள் நடக்க 90 செ.மீ. வழி. கீழ்த்தட்டு தரையிலிருந்து 35 செ.மீ. தூக்கி இருக்க வேண்டும். கடைசி இரண்டும் கோழியைப் பார்க்க வரும் மனிதனுக்காக எழுதியவை. குனிந்து பார்க்கவே முடியாத தட்டில் செத்த கோழி நாள்கணக்கில் கிடக்கும்.

கூண்டே இல்லாத கொட்டகை என்றால் கணக்கு வேறு: சதுர மீட்டருக்கு 9 கோழிக்கு மேல் கூடாது, 7 கோழிக்கு ஒரு கூடு, ஒவ்வொன்றுக்கும் 250 சதுர செ.மீ. கிளறுமிடம். அடுக்கு வைத்தால் நான்கு தளத்துக்கு மேல் போகக் கூடாது, மேல்தள எச்சம் கீழ்த்தளக் கோழிமீது விழக் கூடாது.

இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டிய இன்னொரு விதி முட்டை மேல் குத்தும் முத்திரை. 2004 முதல் அது கட்டாயம். முதல் எண்தான் முக்கியம்: 0 என்றால் இயற்கை முறை, 1 திறந்தவெளி, 2 கொட்டகை, 3 கூண்டு. அடுத்து நாட்டைக் குறிக்கும் இரண்டு எழுத்து, அப்புறம் பண்ணையின் எண். என்னைக் கேட்டால், இடத்தைக் கூட்டிய சட்டத்தைவிட இந்த ஒற்றை எண்தான் பண்ணைக்காரரை அதிகம் நகர்த்தியது. ஜெர்மனியிலும் நெதர்லாந்திலும் பெரிய கடைச் சங்கிலிகள் 3 எண் முட்டையை அலமாரியிலிருந்தே எடுத்துவிட்டன. சட்டம் அனுமதித்த பொருளைச் சந்தை அனுமதிக்கவில்லை.

சந்தைக்கு வருவோம். முட்டை விலை எப்போதும் ஏறி இறங்கும் தொழில் இது, காரணம் கோழியின் உடம்பிலேயே இருக்கிறது. இன்று பண்ணைக்குக் கொண்டுவந்து இறக்கும் குஞ்சு முட்டையிட 18 முதல் 20 வாரம் ஆகும். விலை நன்றாக இருக்கிறதே என்று எல்லோரும் ஒரே நேரத்தில் குஞ்சு இறக்கினால், ஐந்தாறு மாதம் கழித்து எல்லோர் முட்டையும் ஒன்றாகச் சந்தையில் விழும். விலை சரியும். பிறகு முட்டையிட்டு ஓய்ந்த கோழியைச் சீக்கிரம் கழிப்பார்கள், புதுக் குஞ்சு இறக்கத் தயங்குவார்கள், மறுபடி தட்டுப்பாடு. தீவன விலை நடுவில் புகுந்தால் இந்த ஆட்டம் இன்னும் கூடும்.

இந்தச் சுழற்சிக்குள் ஒரு சட்டக் கெடு வந்து விழுந்தால் என்ன ஆகும்? 30,000 கோழி வைத்திருந்த கூண்டுப் பரப்பில், 550-ஐ 750 ஆக்கினால் 22,000 கோழிதான் வைக்கலாம். வட்டியும் கூலியும் மின்சாரமும் அப்படியே, முட்டை மட்டும் கால் பங்குக்கு மேல் குறையும். கூண்டு மாற்றுவதற்குக் கடன் வேறு. விலை கீழே கிடக்கும்போது கடன் வாங்கக் கை வராது; மேலே ஏறும்போது இருக்கிற கோழியைக் கழித்துவிட்டுக் கொட்டகையைக் காலியாகப் போட மனசு வராது. பன்னிரண்டரை ஆண்டு அவகாசம் கொடுத்தும் பலர் கடைசி வரை இழுத்ததற்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன். சோம்பல் என்று சொல்லித் தள்ளிவிட முடியாது.

2012 ஜனவரியில் 13 நாடுகள் கெடுவைத் தவறவிட்டிருந்தன. பிரான்ஸ், ஸ்பெயின், இத்தாலி, போலந்து, நெதர்லாந்து எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. அந்த மாதமே ஒன்றியத்தின் நிர்வாக அமைப்பான ஐரோப்பிய ஆணையம் நோட்டீஸ் அனுப்பியது. ஒரு பக்கம் பழைய கூண்டுகளைக் கழிக்கிறார்கள், மறுபக்கம் புதுக் கூண்டுக்கான கோழி இன்னும் முட்டைக்கு வரவில்லை, ஏப்ரல் 8 அன்று முட்டைத் தேவை கூடும் ஈஸ்டர். விலை மளமளவென ஏறியது. இத்தாலியையும் கிரீஸையும் ஆணையம் நீதிமன்றம் வரை கொண்டுபோனது. 2014-இல் இருவருக்கும் எதிராகத் தீர்ப்பு வந்தது.

சட்டத்தை மதித்துச் செலவு செய்தவர்களுக்கு அப்போது இருந்த எரிச்சல் நியாயமானது. பழைய கூண்டு முட்டையிலும் புதிய கூண்டு முட்டையிலும் அதே 3 தான். எப்படிப் பிரிப்பது? பிரிட்டன் அதிகாரிகள் புற ஊதா விளக்கைக் கையிலெடுத்தார்கள். ஈரம் காயாத முட்டை பழைய கூண்டின் கம்பித் தரையில் உருளும்போது ஓட்டில் விழும் கோடுகள் சாதாரண வெளிச்சத்தில் தெரியாது, அந்த விளக்கில் தெரியும்.

திறந்தவெளி முட்டைக்கு வேறொரு சிக்கல். 1 எண் போட ஹெக்டேருக்கு 2,500 கோழிக்கு மேல் இருக்கக் கூடாது, பகலில் வெளியே போக வழி இருக்க வேண்டும். பறவைக் காய்ச்சல் வந்தால் அரசே ‘கோழியை உள்ளே அடை’ என்று உத்தரவு போடும். அடைத்த கோழியின் முட்டை திறந்தவெளி முட்டையா? முதலில் 12 வாரம் வரை அந்தப் பெயரில் விற்கலாம் என்றார்கள், 2017-இல் 16 வாரம் ஆக்கினார்கள். காய்ச்சல் ஆண்டுதோறும் நீண்டுகொண்டே போனதால், 2023-இல் திருத்திய விதியில் வார வரம்பையே எடுத்துவிட்டார்கள். அடைப்பு உத்தரவு இருக்கும் வரை பெயரும் இருக்கும்.

கறிக்கோழிக்குத் தனிச் சட்டம், 2010 ஜூன் 30 முதல். அங்கே அளவு தலைக்கணக்கில் இல்லை, எடைக்கணக்கில்: சதுர மீட்டருக்கு 33 கிலோ. காற்றோட்டம், வெப்பம் போன்ற கூடுதல் நிபந்தனைகளை நிறைவேற்றினால் 39, இறப்பு விகிதமும் குறைவாக இருந்தால் 42.

அடுத்து என்ன என்பது தொங்கலில் இருக்கிறது. கூண்டே வேண்டாம் என்று ஏறக்குறைய 14 லட்சம் பேர் கையெழுத்திட்ட மனுவை ஏற்று, 2023-க்குள் சட்ட முன்வரைவு தருவதாக ஆணையம் 2021-இல் சொன்னது. 2023 முடிந்தது, முன்வரைவு வரவில்லை. ஜெர்மனி காத்திருக்கவில்லை, 750-க்கும் மேல் இடம் தரும் தன் நாட்டுக் கூண்டுக்கே 2025 இறுதியைக் கெடுவாக வைத்தது, கடும் சிரமம் காட்டுபவர்களுக்கு மட்டும் 2028 வரை. பழைய கூண்டை மாற்றக் கடன் வாங்கி அந்தக் கூண்டைப் போட்டவர் அடுத்த கொட்டகைக்காக மறுபடி வங்கி வாசலில் நிற்க வேண்டியதுதான்.