இறங்குபவரின் எடையால் ஏறும் ரயில்

டோக்கியோவின் மேற்குப் பகுதியில், ஹச்சியோஜி நகரத்தில் இருக்கும் தகாவோ மலையின் உயரம் 599 மீட்டர்தான். ஆயினும் அதன் சரிவில் ஏறும் ரயில் பாதை ஓரிடத்தில் 31 பாகை 18 கலை (31°18′) சாய்வை எட்டுகிறது. இவ்வகைப் பாதைகளுள் ஜப்பானிலேயே மிகச் செங்குத்தானது இதுதான். 1927இல் ஓடத் தொடங்கிய இந்த ரயிலை அங்குள்ளவர்கள் ‘கேபிள் கார்’ என்கிறார்கள். நமக்கு அச்சொல்லைக் கேட்டதும் அந்தரத்தில் தொங்கும் பெட்டிதான் நினைவுக்கு வரும். இங்கே பெட்டி தண்டவாளத்தில் ஓடுகிறது, அதை இழுப்பதுதான் கம்பிவடம்.

சாதாரண ரயில், சக்கரத்துக்கும் தண்டவாளத்துக்கும் இடையிலுள்ள உராய்வை நம்பி ஏறுகிறது. ஜப்பானில் அப்படி ஓடும் ரயில்களில் மிகச் செங்குத்தாக ஏறுவது ஹாகோனே மலை ரயில்; அதுவும் 1,000 மீட்டர் கிடைத் தொலைவுக்கு 80 மீட்டர்தான் உயர்கிறது. தகாவோவில் அதே கணக்கு 608 மீட்டர். அந்தச் சாய்வில் எஃகுச் சக்கரத்துக்குப் பிடிப்பே இருக்காது.

எனவே மலையுச்சி நிலையத்தில் ஒரு பெரிய கப்பியை வைத்து, அதன்மீது செல்லும் வடத்தின் இரு முனைகளிலும் ஒவ்வொரு பெட்டியைப் பூட்டியிருக்கிறார்கள். ஒன்று இறங்கும்போது மற்றொன்று ஏறுகிறது. பெட்டிகளின் எடை ஒன்றையொன்று ஈடுசெய்துவிடுவதால், பயணிகளின் எடை வேறுபாட்டையும், வடத்தின் எடையையும், உராய்வையும் சமாளித்தாலே மோட்டாருக்குப் போதும். இதில் வடத்தின் எடை சிறிய விஷயமன்று. கீழே நிற்கும் பெட்டிக்கும் உச்சியிலுள்ள கப்பிக்கும் இடையே ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் வடம் தொங்கி, அதையும் சேர்த்தே மேலே இழுக்க வேண்டியிருக்கும். ஆனால் அடிவாரத்தில் பாதை குறைந்த சாய்வுடனும் உச்சியருகே செங்குத்தாகவும் அமைந்திருப்பதால், மேலிருந்து புறப்படும் பெட்டி கூடுதல் விசையுடன் இறங்கி அந்தச் சுமையில் ஒரு பங்கை ஈடுகட்டுகிறது.

எனக்கு மிகவும் பிடித்த இடம் பாதையின் நடுவே இருக்கிறது. ஒற்றைத் தண்டவாளப் பாதை அங்கே இரண்டாகப் பிரிந்து, பெட்டிகள் விலகிச் சென்றபின் மீண்டும் ஒன்றுசேர்கிறது. ஆனால் அங்கே அசையும் பாகம் ஒன்றுகூடக் கிடையாது. சுவிஸ் பொறியாளர் கார்ல் ரோமன் ஆப்ட் வகுத்த ஏற்பாடு அது. பெட்டியின் ஒரு பக்கச் சக்கரங்களுக்கு உள்ளும் புறமும் விளிம்பு உண்டு. தண்டவாளத்தை அவை இருபுறமும் கவ்விக்கொள்கின்றன. மறுபக்கச் சக்கரங்கள் விளிம்பே இல்லாமல் உருளைபோல் அகன்றவை. கவ்வும் சக்கரங்கள் ஒரு பெட்டிக்கு இடப்புறமும் மற்றதற்கு வலப்புறமும் இருப்பதால், ஒவ்வொன்றும் எப்போதும் தன் பக்கத்துக்கே திரும்புகிறது. வடம் குறுக்கே செல்வதற்காகத் தண்டவாளத்தில் விடப்பட்ட இடைவெளியை அகன்ற சக்கரங்கள் எளிதாகக் கடந்துவிடுகின்றன.

வடம் அறுந்தால் என்னாகும் என்ற அச்சம் இயல்பானது. இத்தகைய ரயில்களில் பிரேக்கைத் திறந்து வைத்திருப்பதே வடத்தின் இழுவிசைதான். அது தளர்ந்த கணமே, பெட்டிக்கு அடியிலுள்ள இடுக்கிகள் தண்டவாளத்தை இறுகப் பற்றிக்கொள்ளும்.

அருகிலேயே 1964 முதல் இயங்கும் இருவர் நாற்காலி லிஃப்டும் இதே தத்துவத்தைத்தான் பின்பற்றுகிறது. அங்கே வடம் முடிவற்ற வளையம்: எஃகிழைப் புரிகளை முடிச்சின்றி ஒன்றோடொன்று பின்னிச் சேர்த்தது. நாற்காலிகள் அதில் நிலையாகப் பற்றியிருப்பதால் நிலையத்திலும் அவை நிற்பதில்லை. ஏறுவோரும் இறங்குவோரும் ஓடும் நாற்காலிக்கு ஈடுகொடுக்க வேண்டியிருப்பதால் வேகத்தைக் கூட்டவும் முடியாது. கேபிள் கார் 6 நிமிடத்தில் ஏறிவிட, 872 மீட்டர் நீளமுள்ள லிஃப்டுக்கு 12 நிமிடம் ஆகிறது.

நவம்பரில் மேப்பிள் இலைகள் சிவக்கும் நாட்களில் மலை நிரம்பி வழியும். மாலையில் கூட்டம் முழுவதும் கீழே திரும்ப, ஏறும் பெட்டி ஏறக்குறைய வெறுமையாகவே செல்லும். அப்போது இறங்குபவர்களின் எடையே போதும். மோட்டார் இழுப்பதை விட்டுவிட்டு, வேகம் மிகாமல் வடத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும்.